எதிர்முனையில் அவள்

கயிறு இழுக்கும் போட்டி என்று மற்ற ஊர்க்காரர்கள் சாதாரணமாகச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். கயிறாம். கயிறு கிணற்றில் தண்ணீர் இறைக்க. எங்கள் பக்கத்தில் அதற்கு வடம்வலி என்று பெயர். வலி என்றால் இழு. நடுவர் அந்தச் சொல்லைக் கத்தியதும் இந்தப் பக்கம் ஏழு பேர், அந்தப் பக்கம் ஏழு பேர், கைக்குள் அடங்காத வடம், சுற்றிலும் ஊர். குலசேகரத்தைச் சுற்றி எந்தக் கிளப்பின் ஓண விழாவுக்குப் போனாலும், மேடையில் பேச்சு நடக்கும்போது கூட்டம் கடலை தின்றுகொண்டிருக்கும். வடத்தைத் தூக்கி மைதானத்தில் போட்டதும் கடலையைப் போட்டுவிட்டு ஓடிவரும். எனக்குப் பிழைப்பு ஓர் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பது. ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆண்கள் என் உள்ளங்கையின் காய்ப்பைப் பார்த்துவிட்டு, வீட்டில் மண்வெட்டி வேலையா என்று கேட்பார்கள். வடம் என்பேன். நம்ப மாட்டார்கள்.

எங்கள் ஊரில் பெண்களுக்கு அணி வந்ததே அவளால்தான். அவளும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ரப்பர் தோட்டத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் அவள் வீடு. சாயங்காலம் கொசு மொய்க்கும் அந்தத் தோட்டத்தை நாங்கள் நடந்து கடந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை, எப்போதும் ஓட்டம்தான். கல்லூரி முடித்த வருஷம் ஓண விழாவில் பெண்களுக்கு எலுமிச்சை ஸ்பூன், இசை நாற்காலி என்று மைக்கில் அறிவித்தார்கள். அவள் நேராக மேடைக்குப் போய், "எங்களுக்கு வடம் உண்டா?" என்று கேட்டாள்.

மைக்கைப் பிடித்திருந்த கிளப் செயலாளர் சிரித்தார். "பெண்ணுங்க வடம் வலிச்சா கை போயிரும் மக்கா."

"கை எங்களுக்கதாக்கும். போனா நாங்க பாத்துக்கிடுவோம்."

மைக் போட்டபடியே இருந்தது. மைதானம் முழுக்கக் கேட்டுவிட்டது. அடுத்த வருஷம் பெண்களுக்கு வடம் உண்டு என்று நோட்டீஸிலேயே அச்சடித்தார்கள்.

பயிற்சி எங்கள் வீட்டுப் பலாமரத்தடியில். கிளையில் கப்பி மாட்டி, வடத்தை அதன் வழியாக விட்டு, மறுமுனையில் இரும்பு டிரம்மைக் கட்டி அதில் கல்லை நிரப்புவோம். ஏழு பேரும் சாய்ந்தால் டிரம் மேலே ஏற வேண்டும். முன்னால் நிற்பது அவள். வடத்தில் முன்னால் நிற்கிறவள்தான் அணிக்குக் கண். பின்னால் இருக்கிற எல்லோரும் மல்லாந்து சாய்ந்து வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதிரணி மூச்சு வாங்குகிறதா, கால் வழுக்குகிறதா, இப்போது ஒரு இழுப்பு வரப்போகிறதா என்பதெல்லாம் முன்னால் நிற்கிறவளுக்கு மட்டுமே தெரியும். நான் அவளுக்கு நேர் பின்னால், எனக்கு வானம் கிடையாது, அவள் பிடரிதான். அவள் மோவாயை நெஞ்சோடு சேர்த்தால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பிடரி விறைப்பதைப் பார்த்ததும் நான் கத்துவேன். கண் அவள், தொண்டை நான். என் தொண்டையைப் பற்றி ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

அவளுக்கு என் அண்ணன் மேல் ஆசை.

ஒன்பதாம் வகுப்பிலேயே என்னிடம் சொல்லிவிட்டாள். அவன் அப்போது ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகிக்கொண்டிருந்தான், எப்போதும் கிரீஸ் நாற்றம். அவனிடம் என்ன கண்டாள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் கேட்டதும் நான் துள்ளினேன். அவள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள், கல்யாணம் என்ற ஒன்று எங்களைப் பிரிக்காது, எனக்குக் கல்யாணம் ஆனாலும் பிறந்த வீட்டுக்கு வந்தால் அவள் அங்கே இருப்பாள். அண்ணனுக்கு இதில் ஏதாவது சொல்ல இருக்குமோ என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கும் தோன்றவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுத்த எதுவும் அதுவரை நடக்காமல் போனதில்லை.

அணி தொடங்கிக் கொஞ்ச வருஷத்தில் அப்பா பலா பறிக்க ஏறி விழுந்து கால் உடைந்தது. நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அண்ணன் ராத்திரித் துணைக்குப் போனான். அப்பா வீட்டுக்கு வந்த பிறகும் அவன் ஏதாவது சாக்கு சொல்லி நாகர்கோவிலுக்குப் போய்க்கொண்டே இருந்தான். ஒரு நாள் சாப்பாட்டின் நடுவில், அந்த வார்டில் இருந்த நர்ஸைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். மணவாளக்குறிச்சிக்காரி. அம்மாவுக்குச் சந்தோஷம், அப்பாவுக்கு அதைவிடச் சந்தோஷம், மருந்து கொடுத்த கையாயிற்றே. நான் தண்ணீர்ச் செம்பைத் தூக்கி எறிந்தேன். சுவரில் பட்டு நெளிந்துபோயிற்று.

"அவள உனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன்.

எவளை என்று அவன் கேட்கவில்லை. தெரிந்துதான் இருந்திருக்கிறது. "அவ நல்ல பிள்ளதான். எனக்கு அப்படித் தோணல்ல. தோணாம எப்படிக் கெட்டுகது?" என்றான். நான் நெளிந்த செம்பைப் பொறுக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

நான் போய்ச் சொல்வதற்குள் அவளுக்கு யார் மூலமோ தெரிந்துவிட்டது. அவள் என்னை எதிர்பார்த்திருக்கவில்லை, நேரே அவன் அதற்குள் சொந்தமாக வைத்திருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கே போய்க் கேட்டுவிட்டாள். பிறகு எங்கள் பலாமரத்தடிக்கு வந்தாள். அழவில்லை. "கேட்டாச்சு. இல்லன்னு சொல்லியாச்சு," என்றாள். நான்தான் அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள், ஏதோ என்னைத்தான் அவன் வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

அதற்குப் பிறகு அவள் ஒன்று கேட்டாள். எங்கள் பக்கம் கல்யாணத்தில், கோவிலாக இருந்தாலும் சர்ச்சாக இருந்தாலும், மாப்பிள்ளை தாலியைக் கழுத்தில் வைப்பான்; பின்னால் நின்று முடிச்சைப் போட்டு இறுக்குவது அவனுடைய தங்கையோ அக்காளோதான். அண்ணனுக்கு இருப்பது நான் ஒருத்தி.

"நீ முடிச்சு போடாதட்டி. உங்க சித்திக்க மவ போடட்டும். காய்ச்சல்னு சொல்லு. எனக்கு வேண்டி இது ஒண்ணு செய்யி."

"அவன் எனக்க அண்ணன்ட்டி."

"அப்ப நான் யாரு?"

இன்றைக்குக் கேட்டாலும் அவள் கேட்டது தப்பு என்றுதான் சொல்வேன். எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. உன் காதலுக்காக நான் ஏன் காய்ச்சல்காரியாக வேண்டும், என் அண்ணனுக்கு என்னைவிட்டால் யார், உன்னை வேண்டாம் என்றது அவனுக்குக் குற்றமா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு வடம் வழுக்காமல் இருக்கக் கையில் தேய்க்கிற பிசின் பொடி டப்பாவை எடுத்து என் கையில் தந்துவிட்டுப் போனாள். அது எப்போதும் அவளிடம்தான் இருக்கும்.

முடிச்சை நான்தான் போட்டேன். கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. திற்பரப்பில் அவளுடைய சித்தி வீட்டுக்குப் போய், அருவிக்குப் போகிற ரோட்டில் சித்தியின் துணிக்கடையைப் பார்த்துக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்டேன். என் போனை எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் மணியே போகவில்லை. அப்படி இரண்டு வருஷம். திற்பரப்பு என்ன டெல்லியா, பஸ் ஏறினால் கடலை வாங்கித் தின்று முடிப்பதற்குள் வந்துவிடும். நான் போகவில்லை. அவள் வரட்டும் என்று இருந்தேன். திற்பரப்பில் ஒரு பெண்கள் அணி முளைத்திருக்கிறது, போன இடமெல்லாம் முதல் பரிசு வாழைக்குலையைத் தூக்குகிறார்கள் என்ற செய்திதான் வந்தது. முன்னால் யார் நிற்கிறாள் என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்க என்ன இருக்கிறது.

எங்கள் அணியில் அவள் இடத்துக்கு நான் நகர்ந்தேன். கண்ணும் தொண்டையும் ஒருத்தியே. வரிசையின் கடைசியில் வடத்தை உடம்பில் சுற்றி நிற்கிறவளுக்குப் போன ஓணத்துக்கு முன் குழந்தை உண்டாகிவிட்டது. கனமான ஆள் வேண்டும், ஆள் இல்லை. நான் வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தபோது மைனி அடுக்களையில் மீன் வெட்டிக்கொண்டே, "நான் நிக்கட்டா பிள்ளே?" என்று கேட்டாள். மைனி என்றால் அண்ணன் மனைவி. அந்த நர்ஸ்.

எனக்கு மைனியோடு சண்டை ஒன்றும் கிடையாது. நெருக்கமும் கிடையாது. மரியாதையாக ஒரு வீட்டில் இருந்தோம். நான் சிரித்துவிட்டேன். "வடம் வலிச்சிருக்கியளா?"

"எங்க ஊர்ல கரைமடி வலிப்பாவ. வலைய கடல்ல விட்டு, கரையில நின்னு ஊரே வலிக்கும். சின்னதுல நான் அந்தக் கயித்துக்க வாலுல தொங்கிட்டுக் கெடப்பேன்."

அன்று சாயங்காலம் பலாமரத்தடியில் கடைசியில் நிறுத்தினேன். டிரம் மேலே போய்க் கப்பியில் இடித்தது. ஆறு பேரும் திரும்பி அவளைப் பார்த்தோம். "கல்லு கொறவு போல," என்றாள் மைனி.

ஓண விழா அந்த முறை திற்பரப்புக்குப் பக்கத்தில். முதல் பரிசு ஏத்தன் வாழைக்குலை, ஆள் உயரம் இருக்கும், கூட ஒரு கிடா. கிளம்புகிறபோது அண்ணனும் வருவான் என்று பார்த்தால், அவன் கடையில் வேலை இருப்பதாகச் சொன்னான். ஓணத்தன்று யார் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போகிறார்கள். மைனி என்னைத் தனியே கூப்பிட்டு, "அவ அங்க நிப்பாளாம் இல்லியா? அதான் வரல்ல. உங்க அண்ணன் கல்யாணத்துக்கு முந்தியே எங்கிட்ட எல்லாம் சொல்லியாச்சு," என்றாள். ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தேன்.

போனதும் எடை. ஏழு பேரின் மொத்த எடைக்கு ஒரு எல்லை உண்டு. ரப்பர் ஷீட் நிறுக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்திருந்தார்கள், ரப்பர் நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஒவ்வொருத்தியாக ஏறினோம். கூட்டினால் கொஞ்சம் அதிகம். காலையில் யாரடி புட்டு தின்றது என்று நான் கத்த, எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். தின்னாதவள் யாருமில்லை. வளையல், கம்மல், சங்கிலி எல்லாம் கழற்றி என் கைப்பையில் போட்டோம். இன்னும் அதிகம். மைனி யாருடைய மழைக்கோட்டையோ வாங்கிப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள். வியர்த்து எடையைக் குறைக்கிறாளாம். ஒருத்தி ஓடினால் போதுமா என்று ஏழு பேரும் ஓடினோம். திற்பரப்புக்காரர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு நடுவில் அவள் நின்றாள். சிரிக்கவில்லை. மெலிந்திருந்தாள், தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். ஒரு சுற்று ஓடி வரும்போதெல்லாம் அந்த இடம் வந்ததும் என் கால் தடுமாறியது. கடைசியில் மெஷின் எல்லையில் வந்து நின்றது.

இரண்டு அணிகளைத் தோற்கடித்தோம். அவர்களும் இரண்டு அணிகளைத் தோற்கடித்தார்கள். இறுதிப் போட்டிக்கு எங்களைக் கூப்பிட்டபோது மழை தூறி நின்றிருந்தது, மண் குழைந்திருந்தது, செண்டை மேளத்தில் காது கிழிந்தது. வடத்தின் நடுவில் கட்டிய சிவப்புத் துணிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவள். நடுவில் ஒரு ஆள் படுக்கிற தூரம். அத்தனை வருஷம் அவளுக்குப் பின்னால் நின்று அவள் முதுகைப் பார்த்தே வடம் பிடித்திருக்கிறேன். வடம் பிடிக்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, கூடவே இவளை இழுத்துக் குப்புறத் தள்ள வேண்டும் என்ற வெறியும் வந்தது.

"வடத்தை எடு. இறுக்கு. வலி."

முதல் முறை நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பழக்க தோஷத்தில் எங்கள் பழைய சத்தத்தையே போட்டேன், அவளும் நானும் பலாமரத்தடியில் சேர்ந்து உண்டாக்கிய அதே சத்தம், அதே இடைவெளி. எந்த இடத்தில் இழுப்போம், எந்த இடத்தில் மூச்சு விடுவோம் என்று அவளுக்கு அத்துப்படி. நாங்கள் இழுத்தபோது அவர்கள் பாறையாக நின்றார்கள். நாங்கள் மூச்சுவிட்ட அந்த நொடியில் இழுத்தார்கள். செருப்பு வழுக்கினவள் மாதிரி நான் சறுக்கிக்கொண்டே போய் அவள் காலடியில் விழுந்தேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

எழுந்ததும் நேரே கடைசிக்குப் போனேன். "மைனி, நான் மிண்ட மாட்டேன். இனி நீங்கதான் சத்தம் போடணும். எனக்க சத்தம் அவளுக்கு மனப்பாடம்."

"எனக்கு எங்க ஊரு சத்தந்தான் தெரியும்."

"அதையே போடுங்க."

இரண்டாவது முறை கடைசியிலிருந்து கரைமடிக்காரர்களின் குரல் கிளம்பியது. நீளமாக இழுத்து, சட்டென்று வெட்டி, மறுபடி நீளமாக. மலையடிவாரத்தில் ரப்பரும் வாழையும் மட்டும் பார்த்த கூட்டம் இந்தச் சத்தத்தைக் கேட்டுத் தானும் சேர்ந்து போட ஆரம்பித்தது. அந்தத் தாளம் அவளுக்குப் பிடிபடவில்லை. யார் குரல் என்று எட்டிப் பார்த்தாள். கடற்கரைக் குரலோடு எங்கள் அணியில் நிற்பது அண்ணன் மனைவிதான் என்று தெரிந்துகொண்டாள். அவள் முகம் வாடியது எனக்குத் தெரிந்தது; வடம் எங்கள் பக்கம் வந்ததும் தெரிந்தது. ஒன்றுக்கு ஒன்று.

மூன்றாவது முறை பூட்டிக்கொண்டது. சில சமயம் அப்படி ஆகும். இரண்டு பக்கமும் தரையைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்து, குதிகாலை மண்ணில் புதைத்து, சிவப்புத் துணி ஓர் அங்குலம்கூட அசையாமல் நிற்கும். எல்லோரும் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறார்கள். ஒருவரையொருவர் பார்ப்பது அவளும் நானும் மட்டும். வேறு எங்கும் பார்க்க முடியாது, பார்த்தால் தோற்போம். செண்டைக்காரர்கள் வெறிபிடித்து அடித்தார்கள். என் கை எரிந்தது, தொடை நடுங்கியது. அப்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

"வலிக்கும்போ பேசாதட்டி," என்றேன்.

"ஒண்ணு கேக்கணும். அண்ணைக்கி முடிச்சு போடும்போ என்னைய நெனச்சியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் இரண்டு வருஷம் காத்திருந்திருக்கிறாள் என்று அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அன்றைக்கு நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. புதுச் சரடு, வழுக்கியது. இறுக்கமாக விழ வேண்டுமே என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. அண்ணனின் காது இரண்டும் செக்கச் செவேல் என்று சிவந்திருந்தது, அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவள் நினைவு வரவில்லை.

"இல்ல."

"கொஞ்சமும்?"

"இல்லட்டி. சந்தோஷமா இருந்தேன். பந்தியில எல போட்ட பொறவுதான் நெனச்சேன். பக்கத்துல உனக்குன்னு எடம் போட்டு வச்சிருந்தேன். கடசி வர யாரையும் இருக்க விடல்ல. எனக்குச் சோறு எறங்கல்ல."

அவள் கண் நிறைந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் வடத்தில். நானும் அதே கதி. பிறகு அவள் மோவாய் மெதுவாக நெஞ்சோடு சேர்ந்தது.

எனக்குத் தெரியும் அது என்னவென்று. பலாமரத்தடியில் அவள் பிடரி விறைத்தது எதனால் என்று இந்த உலகத்தில் என்னைவிட யாருக்கும் தெரியாது. இழுக்கப் போகிறார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். என் அணியில் யாருக்கும் தெரியாது, எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள். இவளுக்கு எது கிடைத்தது, இந்த ஒரு குலையாவது கிடைக்கட்டுமே என்று மனம் சொன்னது. எனக்குப் பின்னால் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் பின்னால் வடத்தை உடம்பில் சுற்றிக்கொண்டு மைனி. நான் ஏமாற்றினால் முதலில் அடிபட்டு இழுபடப் போவது மைனி. இவளும் மைனியும் இரண்டு பேருமே என்னை நம்பித்தான் நிற்கிறார்கள் என்று தோன்றியது. எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

"பிடி," என்று கத்தினேன். என் தொண்டையில் அதுவரை வராத சத்தம்.

பிடித்தோம். அவர்களுடைய இழுப்பு வந்து மோதி, எங்கள் எலும்பையெல்லாம் உலுக்கிவிட்டு, அடங்கியது. அவர்கள் மூச்சு முடிந்தது. மைனியின் குரல் எழுந்தது. ஓர் அடி. இன்னும் ஓர் அடி. அவள் குதிகால் மண்ணைக் கீறிக்கொண்டு என்னை நோக்கி வந்தது, அப்போதும் அவள் வடத்தை விடவில்லை, முழங்காலில் விழுந்த பிறகும் விடவில்லை. சிவப்புத் துணி கோட்டைக் கடந்தது. விசில். நான் மல்லாந்து விழுந்தேன். என் மேல் யாரோ விழுந்தார்கள், அவர்கள் மேல் யாரோ. சேறு வாய்க்குள் போயிற்று. ஜெயித்தோம், ஜெயித்தோம் என்று எங்கள் கிளப்காரர்கள் கிடாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கிடா பயந்து போய்க் கத்தியது.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. ஜெயித்தவர்கள் குலையிலிருந்து முதல் சீப்பை வெட்டித் தோற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். வாங்காமல் போனால் பகை என்று அர்த்தம். கத்தியை என்னிடம் நீட்டினார்கள். சீப்பை வெட்டிக்கொண்டு போனேன். அவள் சேற்றில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கை விரல்கள் மடங்கியபடியே விறைத்திருந்தன.

"எடு," என்றேன்.

எடுக்கவில்லை. "நான் வலிக்கப் போறேன்னு நீ பாத்த இல்லியா?"

"பாத்தேன்."

"சும்மா விட்டிரலாம்னு நெனச்சியா?"

"நெனச்சேன்."

"விட்டுத் தந்திருந்தா சாவுற வரைக்கும் உங்கிட்ட மிண்டியிருக்க மாட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரெண்டு வருஷமா மிண்டாமத்தானட்டி இருந்த," என்று கத்தி, சீப்பாலேயே அவள் தோளில் ஒன்று போட்டேன். பழம் ஒன்று நசுங்கி அவள் கழுத்தில் ஒட்டியது. அவள் அதை வழித்துப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து அது அழுகையாகிவிட்டது, நானும் சேற்றிலேயே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டேன். என்னை விட்டுவிட்டு ஒரு ஆணுக்காக எப்படிப் போனாய் என்று கேட்டேன். அவள், என்னை விட்டுவிட்டு ஓர் அண்ணனுக்காக நீ எப்படிப் போனாய் என்று கேட்டாள். மிச்சப் பழங்களைத் தின்றோம்.

மைனி ஸ்கூட்டர் சாவியோடு வந்து நின்றாள். அவளுக்கு இடுப்பில் வடம் உரசித் தோல் போயிருந்தது. மைனியும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வீட்ல சாள மீன்கறி வச்சிட்டு வந்திருக்கேன்," என்றாள் மைனி. "வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ மக்கா."

அவள் கைச் சேற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு, "புளியா, மாங்காயா?" என்று கேட்டாள்.

"மாங்கா."

"செரி."

ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேர். மைனி ஓட்ட, நான் நடுவில், அவள் பின்னால். குலை கிளப்காரர்களின் ஆட்டோவில் முன்னால் போயிற்று, கிடா அதன் பின்பக்க ஜன்னல் வழியாக எங்களையே பார்த்துக்கொண்டு வந்தது. மழை பிடித்துக்கொண்டது. வளைவில் எல்லாம் ஹாரனுக்குப் பதில் மைனி கரைமடிச் சத்தம் போட்டாள். எதிரே வந்த பஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு முன்னால் ஒரு ஈர முதுகு, பின்னால் ஒரு ஈர நெஞ்சு, இரண்டும் சிரிப்பில் குலுங்கின. அன்றைக்கு அந்த ரோடு அவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் எனக்கு வருத்தம்.

வீட்டு வாசலில் அண்ணன் குடையோடு நின்றிருந்தான். யார் வருகிறார்கள் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தான். தெரிந்ததும் நின்றான். என் தோளில் இருந்த அவள் கை இறுகியது. எலும்பு வலிக்கிற மாதிரி இறுகியது. நான் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவளுக்கு ஒன்றும் தீரவில்லை. அவனைப் பார்த்தால் அவளுக்கு இன்னும் அப்படித்தான் இருக்கிறது. இது தெரிந்துதான் அவள் ஏறியிருக்கிறாள்.

"திரும்பிப் போயிரலாமாட்டி?" என்று திரும்பாமலே கேட்டேன். "நான் கொண்டு விடுதேன்."

"பேசாம இரி. பசிக்கி," என்றாள்.

இறங்கினாள். அண்ணன் குடையை அவள் பக்கம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. "சுகமா?" என்று கேட்டாள். "சுகம்," என்றான் அவன். அவ்வளவுதான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, மழையில் அவனைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் நடந்தாள். அடுக்களை வரைக்கும் அவள் என் கையை விடவில்லை.